மோதிரத்தோடு அந்தக் காகிதத்தையும் கொடு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். வாட்ஸாப்பில் எழுதினால் நீல டிக் விழும், கட்டைவிரல் படம் ஒன்று வரும், அதோடு சரி. அதனால்தான் மெயில். மூன்று வாரமாக நீ போன் எடுக்கவில்லை. வேலை அதிகம் என்று அம்மா சொல்கிறாள், இருக்கும். தைப்பூசத்துக்கும் வரவில்லை, தண்ணீர்மலைக் கோயிலில் பெரியப்பா உன்னைத்தான் தேடினார். உன் நிச்சயத்துக்கு 11 தட்டா 21 தட்டா என்று மாமா இரண்டு தடவை கேட்டுவிட்டார், நீயே அவருக்கு ஒரு போன் போட்டுவிடு.

நான் எழுத வந்தது மோதிரத்தைப் பற்றி.

அன்றைக்கு நீ லேப் டைமண்ட், ஆய்வகத்தில் வளர்த்த வைரம் என்று சொன்னதும் "கண்ணாடிக் கல்லா?" என்று கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் நீ பேசவில்லை. தெரியாமல் கேட்டது தப்பு. அதனால் போன சனிக்கிழமை பெரிப் படகு ஏறி பினாங்குத் தீவில் லெபோ பசார் தெருவுக்குப் போய் மூன்று கடையில் விசாரித்தேன். வாங்க வரவில்லை, என் மகன் வாங்கப் போகிறான், எனக்குப் புரியவேண்டும் என்று சொன்னேன். கடைசிக் கடையில் ஒரு பையன், உன் வயதுதான் இருக்கும், உட்கார வைத்து ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தான். வீட்டுக்கு வந்தும் நிறையப் படித்தேன்.

நீ சொன்னது சரி தம்பி. அது வைரம்தான். பூமிக்குள் இருப்பதும் கார்பன், அதாவது கரி, இதுவும் கரி. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆட்கள் 1954-லேயே அழுத்தமும் சூடும் கொடுத்துச் செய்துவிட்டார்களாம், நான் பிறப்பதற்கு முன்னால். இப்போது இன்னொரு வழியும் இருக்கிறது. மெல்லிய வைரத்துண்டு ஒன்றை விதை மாதிரி அறைக்குள் வைத்து மீத்தேன் வாயுவை விட்டுச் சூடாக்கினால் கரி அதன்மேல் படிந்து படிந்து சில வாரத்தில் கல் வளர்ந்துவிடுகிறது. வைரமா என்று பார்க்க ஒரு பேனாக் கருவி வைத்திருக்கிறார்கள், இரண்டு கல்லுக்கும் ஒரே மாதிரிதான் கத்தியது. வெறும் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. இதெல்லாம் உனக்கு முன்பே தெரிந்திருக்கும், எனக்குத்தான் புதுசு.

விலை மட்டும் எப்படி இவ்வளவு குறைவு என்று கேட்டேன். நீ சொன்ன 2 காரட் மோதிரம் 7,000 வெள்ளி (ரிங்கிட்). அதே எடை, அதே தரம், தோண்டி எடுத்த கல் என்றால் அந்தப் பையன் 70,000-க்கு மேல் சொன்னான். பூமியில் கிடைக்கிற பெரிய கல் அபூர்வம், அதனால் எடை கூடக்கூட ஒரு காரட்டின் விலையே ஏறும். இயந்திரத்தில் வளர்ப்பதற்கு அப்படி இல்லை, இன்னும் பத்து இயந்திரம் வைத்தால் இன்னும் கல் வரும். சூரத்திலும் சீனாவிலும் அப்படித்தான் வைத்துக்கொண்டே போனார்கள், விலை இறங்கிக்கொண்டே போனது. தோண்டி எடுத்த வைரத்தை விற்கிற டி பீர்ஸ் கம்பெனியே 2018-இல் லைட்பாக்ஸ் என்று ஒன்று தொடங்கி ஒரு காரட் 800 அமெரிக்க டாலர் என்று விற்றது, அப்போது அதுவே மலிவு என்று பேசினார்கள். 2025-இல் அந்த வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். தோண்டி எடுத்த கல்லும் இறங்கித்தான் இருக்கிறது, ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

அதனால் 7,000 வெள்ளியைச் சேமிப்பு என்று நினைக்காதே, அது செலவு. திருப்பி விற்கப் போனால் லேப் கல்லை வாங்கும் கடை அபூர்வம். தோண்டி எடுத்த கல் மட்டும் என்ன, கடையை விட்டு இறங்கினாலே பாதி விலை கிடைப்பது கஷ்டம் என்று அந்தப் பையனே சொன்னான். அடகுக்குப் போனால் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்குத்தான் காசு. தங்கம் எத்தனை கிராம், எந்தத் தரம், கூலி எவ்வளவு என்று பில்லில் தனித்தனியாக எழுதி வாங்கு. பெர்சனல் லோன் மட்டும் போடாதே. இரண்டு மாதச் சம்பளத்தில் மோதிரம் வாங்கவேண்டும் என்பது அந்த டி பீர்ஸ் 1980-களில் செய்த விளம்பரம், நம் வீட்டு முறை இல்லை.

அப்புறம் சர்டிபிகேட். வைரத்தைச் சோதித்துச் சான்று கொடுக்கும் ஐஜிஐ, ஜிஐஏ எதுவானாலும் சரி, அதில் லேப் என்று தெளிவாக எழுதியிருக்கும். அந்தக் காகிதத்தை நீ உன் பெட்டியில் வைத்துக்கொள்ளாதே. மோதிரத்தோடு நீ கட்டிக்கொள்ளப் போகிற அந்தப் பிள்ளை கையில் கொடு. காகிதம் போனாலும் கல் பேசும், அதன் இடுப்பு விளிம்பில் லேசரால் லேப்க்ரோன் என்றும் ஒரு எண்ணும் பொறித்திருப்பார்கள். அந்தப் பையன் லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னான், என் கண்ணுக்கே எழுத்து தெரிந்தது. யாருக்கும் தெரியாது என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே.

மோடி 2023-இல் பைடன் மனைவிக்குக் கொடுத்ததும் 7.5 காரட் லேப் வைரம்தான். உலகத்துக்கே சொல்லித்தான் கொடுத்தார்.

2 காரட் எதற்கு தம்பி? அந்தப் பிள்ளை கேட்டதா? கேட்டிருந்தால் வாங்கு, நான் குறுக்கே வரமாட்டேன். பெண் வீடு பெரிய இடம், பெட்டாலிங் ஜெயாவில் அவர்கள் வீட்டு வாசலில் நிற்கிற நாலு காரையும் பார்த்தேன். அதற்காக நீ குறைந்தவன் இல்லை. நம் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நீ, முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்கு ஐஸ்பெட்டி வாங்கிக் கொடுத்தவன், இன்றைக்கும் வருகிறவர்களிடம் அம்மா அதைக் காட்டுவாள். உன்னைப் பார்த்துத்தான் அந்தப் பிள்ளை சரி என்றது. ஆனால் அப்பன் போன் செய்தால் எடுக்கவும் தெரியவேண்டும்.

அக்கா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் எதுவும் கேட்காதே.

இனிமேல் எழுதுவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

1988-இல் எங்கள் நிச்சயத்துக்கு உன் தாத்தா வீட்டில் வைர மோதிரம் என்று யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் போடுகிறேன் என்றேன். சம்பளம் 400 வெள்ளி. கடையில் அமெரிக்கன் டைமண்ட் என்கிற போலிக் கல் வைத்து ஒன்று செய்யச் சொன்னேன். கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை, தெரிந்துதான் வாங்கினேன். சபையில் உன் மாமா கல்லைத் தூக்கிப் பார்த்து எந்த ஊர் வைரம் என்று கேட்டார். பெல்ஜியம் கட்டிங் என்றேன். எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது. அதற்குப் பிறகு சரிசெய்ய ஒரு நல்ல நாள் வரும் என்று நினைத்தே வருடம் போய்விட்டது.

நீ பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்த வருடம், 1998, பிறை ஊரில் வேலையிடத்தில் ஆள் குறைத்தபோது என் பெயரும் வந்தது. அம்மா என்னிடம் சொல்லாமல் அந்த மோதிரத்தை பட்டர்வொர்த்தில் அடகுக்குக் கொண்டு போயிருக்கிறாள். வைரமாயிற்றே, இரண்டு மாதம் வீட்டை ஓட்டலாம் என்று நினைத்திருப்பாள். அலமாரியில் சூராட்டை, அந்த அடகுச் சீட்டைப் பார்த்தேன். வெள்ளைக் கல் மோதிரம் ஒன்று, 70 வெள்ளி.

அன்றைக்கு ராத்திரி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்போதும் போல சோறு போட்டாள். அந்த அடகுக்காரன் அவளிடம் என்ன சொன்னான், அவள் எப்படி நின்றாள், பஸ்ஸில் எப்படித் திரும்பி வந்தாள், எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. நூற்றுக்கு இரண்டு வெள்ளி மாத வட்டி, ஆறு மாதத் தவணை. ஐந்தாவது மாதம் முறுக்கு சுட்டு விற்ற காசில் மீட்டுக்கொண்டு வந்து போட்டுக்கொண்டாள். அதை ஏன் மீட்டாள் என்றும் நான் கேட்டதில்லை. முன்பெல்லாம் கல்யாண வீட்டில் யாராவது மோதிரத்தைக் கேட்டால் கையை நீட்டிக் காட்டுவாள் தம்பி. அதற்குப் பிறகு யாராவது பார்த்தால் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள். இருபத்தேழு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன்.

உன் கல்லும் என் கல்லும் ஒன்றில்லை. உன்னுடையது வைரம், என்னுடையது வைரமே இல்லை. உன் கல்லைப் பற்றி நீ வெளியே சொல்ல வெட்கப்படும்படி எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை அதை ஒரு கடைக்காரன் வாயால் தெரிந்துகொள்ளக் கூடாது. மோதிரத்தோடு காகிதத்தையும் கொடு, நீயே வாயால் சொல்லு, அவள் அப்பாவும் கேட்கட்டும்.

சர்டிபிகேட் எண்ணைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, இணையத்தில் போட்டுச் சரிபார்க்கிறேன், அந்தப் பையன் காட்டிக்கொடுத்தான்.

நீ வரும்போது உன்னை வைத்துக்கொண்டு அம்மாவிடம் இதைச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ பக்கத்தில் இருந்தால் அவள் ஒன்றும் பேசமாட்டாள், அது எனக்குத்தான் வசதி. அதனால் நீ வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து சொல்கிறேன். நீ சனிக்கிழமை வா.

அப்பா