கோவைப் பட்டறையினருக்கும் மும்பை அரங்கத் தச்சர்களுக்கும் நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

மும்பையில் நடைபெற்ற திரைப்படத் தொழில்நுட்பக் கண்காட்சியில் எங்கள் மோஷன் கன்ட்ரோல் கருவியை மூன்று நாட்கள் காட்சிக்கு வைத்துவிட்டு, சென்ற வாரம் பீளமேடு திரும்பினோம். அரங்கின் முகப்பில் எங்கள் நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருந்தது. அந்தக் கருவிக்காக இரவு பகலாக உழைத்தவர்களைப் பற்றி அங்கே ஒரு வரிகூட எழுதாதது என் மனத்தை உறுத்தியதால் இதை எழுதுகிறேன்.

கேமராவைத் தண்டவாளத்தின் மேல் ஒரே பாதையில், ஒரே வேகத்தில், எத்தனை முறை வேண்டுமானாலும் பிசகாமல் நகர்த்துவதே இக்கருவியின் வேலை. 1940-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'உத்தமபுத்திரன்' படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் ஏற்றார். பிலிம் காலத்தில் இத்தகைய காட்சிகளுக்கு லென்ஸின் ஒரு பாதியை மறைத்து எடுத்து, பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறு பாதியை எடுக்கும் முறை இருந்தது; அதற்குக் கேமரா அசையாமல் நிற்க வேண்டும். கேமரா நகர்ந்துகொண்டே இருக்கையிலும் இருவரை இணைக்க வேண்டுமென்றால், இரண்டு முறையும் அதன் நகர்வு துல்லியமாக ஒத்திருக்க வேண்டும். மூன்று மீட்டர் அகலக் காட்சியை 3,840 புள்ளிகளில் பதிவு செய்தால், ஒரு புள்ளியின் பங்கு ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர்தான்.

அந்தத் துல்லியத்தை எங்களுக்குத் தந்தவர் கணபதியில் லேத் பட்டறை நடத்தும் அண்ணன். ரேக்குக்கும் (பற்கள் வெட்டிய நீண்ட சட்டம்) அதன்மேல் உருளும் பினியனுக்கும் (சிறு பல்சக்கரம்) இடையிலிருந்த பிளே, அதாவது சிறு தளர்வு, கருவி திசை மாறும்போதெல்லாம் படத்தைக் குலைத்தது. அவர் பினியனை இரு தகடுகளாகச் செய்து, நடுவே ஸ்பிரிங் வைத்து, பற்கள் இருபுறமும் ஒட்டி நிற்கும்படி அமைத்துக் கொடுத்தார். நான்கு முறை செய்து பார்த்து, மூன்றை அவரே வேண்டாமென ஒதுக்கினார். அவற்றுக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார். நூற்பாலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் மற்றொரு நண்பர், கருவியை இயக்கும் சர்வோ மோட்டார்கள் (சொன்ன அளவுக்குத் துல்லியமாகச் சுழலும் மோட்டார்கள்) படிப்படியாக வேகமெடுத்துப் படிப்படியாக நிற்கும்படி அமைத்தார். திடீரென இழுத்தால் நூல் அறுந்துவிடும் என்பதைப் பல ஆண்டுகளாகக் கண்ட கை அது.

இவ்வளவும் கைகூடிய பின்னும், கண்காட்சியின் முதல் நாள் காலையில் இரண்டு முறை எடுத்த படங்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. கருவியில் குறையில்லை, குறை தரையில் இருந்தது. அரங்குக்காகப் போட்டிருந்த பிளைவுட் மேடை, பார்வையாளர் ஏறி இறங்கும்போதெல்லாம் அமுங்கியது. மேடை பாகையில் பத்தில் ஒரு பங்கு சாய்ந்தாலே, நான்கு மீட்டர் தொலைவில் பார்வை ஏழு மில்லிமீட்டர் விலகிவிடும். அரங்கம் அமைத்த தச்சர்கள் தங்கள் வேலை முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தனர். மொழி தெரியாத நான் கையால் அழுத்திக் காட்டியதும் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. கம்பளத்தை மடித்து, தண்டவாளத்தின் கால்களுக்கு நேராக மேடையில் ஆறு துளைகள் அறுத்து, கால்களைக் கான்கிரீட் தரையில் நேரடியாக ஊன்றச் செய்தார்கள். அரை மணி நேரத்தில் இரண்டு உருவங்களும் ஒரே படத்தில் பிசிறின்றி நின்றன. அவர்களது பெயர்களைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் விட்டேன். இம்மடல் எப்படியேனும் அவர்களைச் சென்றடைய வேண்டுமென விரும்புகிறேன்.

பெட்டிகளை ரயிலில் ஏற்றி இறக்கிய சுமைதூக்கும் தோழர்களுக்கும், மானிட்டர் பழுதானபோது கேட்காமலேயே தம்முடையதைத் தந்த பக்கத்து அரங்கினருக்கும் என் நன்றி.

புறப்படுவதற்கு முன் எடுத்த சோதனைக் காட்சியில், லேத் பட்டறை அண்ணனே இருவராக நின்று தமக்குத் தாமே தேநீர்க் குவளையை நீட்டியிருந்தார். மூன்று நாட்களும் அரங்கில் ஓடியது அந்தக் காட்சிதான். அவர் இன்னும் அதைப் பெரிய திரையில் பார்க்கவில்லை. வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பீளமேட்டில் எங்கள் பட்டறையில் திரையிடுகிறோம். துணைநின்ற அனைவரும் குடும்பத்துடன் வந்திருந்து பார்க்குமாறு அன்புடன் அழைக்கிறேன்.

நன்றியுடன்,
கருவியை வடிவமைத்த குழுவின் சார்பில்,
பீளமேடு, கோயம்புத்தூர்.