ஸ்டியரிங்கைக் கழற்றி மாட்டுவது திருத்தமாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் இன்று ஓடும் கெப் வாகனங்களில் பல, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்படுவதற்கு முன்பே நாட்டுக்கு வந்து, 2025 இல் அந்தத் தடை தளர்த்தப்படும் வரை பஞ்சிகாவத்தை உதிரிப்பாகங்களின் தயவில் காலந்தள்ளியவை. முன் சில்லுகளைத் திருப்பும் டை ரொட் தண்டுகளின் நுனி மூட்டான டை ரொட் என்ட்டை மாற்றுவது இவற்றுக்கு வழக்கமான வேலை. அந்த வேலை முடிந்து வெளியே வரும்போது, வண்டி நேரே ஓடினாலும் ஸ்டியரிங் மட்டும் ஒரு பக்கம் சரிந்து நிற்பதைப் பலர் கண்டிருப்பர். அதற்குச் சில கராஜ்களில் செய்யப்படும் பரிகாரத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

அண்மையில் எனது டபிள் கெப் வாகனத்துக்கு இதே கோளாறு ஏற்பட்டபோது, ஸ்டியரிங்கைக் கழற்றி அதன் தண்டில் ஒரு பல் தள்ளிப் போட்டால் சரியாகிவிடும் என்று கராஜில் சொன்னார்கள். உண்மையில் கோளாறு நாம் கையில் பிடிக்கும் வளையத்தில் இருப்பதில்லை. முன் சில்லுகளை, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது இடவலமாக நகரும் பற்சட்டமான ஸ்டியரிங் ரெக்குடன் இணைக்கும் டை ரொட்களின் நீளத்தில் இருக்கிறது. புதிய என்ட்டை ஒரு பக்கத்தில் சில சுற்றுகள் கூட்டியோ குறைத்தோ பூட்டினாலே ஸ்டியரிங் சரிந்துவிடும்.

வளையத்தைத் தள்ளிப் போட்டால் கண்ணுக்கு நேராகத் தெரியும், அவ்வளவுதான். ரெக் நடுவில் நிற்காததால் ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் ஒடியும். சறுக்கலைத் தடுக்கும் மின்னணு முறைமை உள்ள வாகனங்களில், நேரே போகும்போதும் வண்டி திரும்புவதாகவே ஸ்டியரிங் சென்சர் கணக்கிடும். வளையம் கழன்றிருக்கும் வேளையில் அதன் அடியிலுள்ள எயார்பேக் வயர்ச் சுருள் சுழன்றுவிட்டால், பின்னர் முழுதாக ஒடிக்கும்போது அது அறுந்துபோகலாம். பெற்றரி வயரைக் கழற்றாமலே எயார்பேக்கில் கை வைப்பவர்களைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம்.

முன்னர் யாரேனும் வளையத்தைக் கழற்றியிருக்கிறார்களா என்பதை உரிமையாளரே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பி, எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் சரிபாதி திருப்பி நிறுத்த வேண்டும். அப்போது வளையம் நேராக நின்றால் அதில் பிழையில்லை, டை ரொட்களைத்தான் பார்க்க வேண்டும். சரிந்து நின்றால் யாரோ கழற்றி மாட்டியிருக்கக்கூடும்.

முறையான வேலை இதுதான். தேய்ந்த என்ட், புஷ் முதலியவற்றை முதலில் மாற்றி, டயர்களின் காற்றைச் சமப்படுத்தி, வீல் எலைன்மென்ட் மேடையில் ஸ்டியரிங்கை நேராக நிறுத்திப் பூட்டிவிட்டு, இரு பக்க லொக் நட்டுகளையும் தளர்த்தி, ஒரு டை ரொட்டை எவ்வளவு நீட்டுகிறார்களோ மற்றதை அவ்வளவு குறைக்க வேண்டும். முன் சில்லுகளின் மொத்த டோ அளவு, அதாவது அவை முன்புறம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு, சரியாக இருந்தால் அது மாறாது; ஸ்டியரிங் மட்டும் நடுவுக்கு வரும். எந்தப் பக்கத்தை நீட்டுவது என்பது, ரொட்கள் அச்சுக்கு முன்னே இருக்கின்றனவா பின்னே இருக்கின்றனவா என்பதைப் பொறுத்தது. முன்பக்கம் முழு அச்சுள்ள பழைய ஜீப், கெப் வாகனங்களில் ஸ்டியரிங் பெட்டியை முன் சில்லுகளுடன் இணைக்கும் தண்டான டிராக் லிங்க்கின் நீளத்தை மாற்றினாலே போதும்.

ஓட்டிப் பார்க்கும் இடமும் முக்கியம். மழைநீர் வடிவதற்காக நமது வீதிகள் ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால், காலி வீதியின் இடது ஓரமாக ஓடும் வண்டி இயல்பாகவே இடப்பக்கம் இழுக்கும். அதை வைத்து எலைன்மென்ட் பிழை என்று சண்டைக்குப் போவது நியாயமில்லை.

வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் இவை எதுவும் பார்க்கப்படுவதில்லை. ஆகவே, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த எலைன்மென்ட் அளவுகளின் அச்சுப் பிரதியை வாடிக்கையாளர் கேளாமலே கொடுப்பதையும், ஸ்டியரிங் வளையம் கழற்றப்பட்டிருந்தால் அதைப் பற்றுச்சீட்டில் எழுதுவதையும் கராஜ்களுக்குக் கட்டாயமாக்குமாறு நுகர்வோர் விவகார அதிகார சபையைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கெப் வாகன உரிமையாளர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.