வந்தாறுமூலைக்கும் ஒலுவிலுக்கும் ஒரே பஸ் ரோட்டுத்தானே

ஆசிரியர் ஐயாவுக்கு,

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஏ.எல். பிள்ளைகளுக்கு அளவையியலும் விஞ்ஞான முறையும் படிப்பிச்சு ரிட்டயர் ஆன ஆள். மெய்யியல் (தத்துவம்) படிப்பில நம்மட கெம்பஸுகள் ஒண்டாச் சேர்ந்து வேலை செய்யணுமெண்டு சொல்லத்தான் இத எழுதுறன். என்னட்டப் படிச்ச பிள்ளைகள்ல கொஞ்சப்பேர் வந்தாறுமூலையில இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போவாங்க, கொஞ்சப்பேர் ஒலுவில்ல இருக்கிற தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு, ஆனா கெம்பஸ் போன பிறகு ஒருத்தருக்கு மற்றவர் என்ன படிக்கிறாரெண்டே தெரியாது, நோட்ஸ் போட்டோக்கொப்பி மட்டும் எப்படியோ கல்முனை பஸ்ஸில போய் வருது (அதுக்கு ஒப்பந்தம் ஒண்டும் தேவைப்படல்ல பாருங்க).

ஒரு உதாரணம் சொல்றன். மலையில புகையக் கண்டா நெருப்பு இருக்கெண்டு அனுமானிக்கிறத சைவ சித்தாந்தத்தில ஒரு அளவை, அதாவது அறிவு பெறுற ஒரு வழி, எண்டு படிக்கிறம். 1111ல மவுத்தான இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலி என்ன கேட்டாரெண்டா, பஞ்சில நெருப்புப் பட்டா எரியிறதத்தான் காணுறம், நெருப்புத்தான் எரிச்சதெண்டத எங்க கண்டம்? 600 வருஷத்துக்குப் பிறகுதான் ஸ்கொட்லாந்து மெய்யியலாளர் ஹியூம் கிட்டத்தட்ட அதையே கேட்டார். இந்த ரெண்டு நெருப்பையும் ஒரே வகுப்பில வெச்சுப் பேச, சைவரும் முஸ்லிமும் பக்கத்துப் பக்கத்தில இருக்கிற மட்டக்களப்பு, அம்பாறைய விட்டா வேற எங்க பொருத்தமான இடம் இருக்கு?

பெரிய மாநாடு, பட்டுச் சால்வை ஒண்டும் வேணாம். யாழ்ப்பாணம், பேராதனை மெய்யியல் துறைகளையும் சேர்த்து தவணைக்கு ஒரு பாடம் சூமில பொதுவா நடத்தலாம், விரிவுரையாளர்மார் மாறி மாறிப் போகலாம், லைப்ரரிப் புத்தகங்களப் பகிரலாம். நவம்பர் மூன்றாம் வியாழன் உலக மெய்யியல் தினம், அண்டைக்கு விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவில பிள்ளைகள ஒருக்காக் கூட்டிப் பேச விடுங்க, தேத்தண்ணிச் செலவ நான் பாக்கிறன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி