கடுக்காய்னு போட்டா கொட்டையையும் சொல்லிருங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்க ஞாயிறு இணைப்புல வறட்டு இருமலுக்கு கடுக்காய்னு நாலு வரி வந்துச்சு, பொடி பண்ணி தேன்ல குழைச்சு சாப்பிடுங்கன்னு, அவ்ளோதான். எங்க தெருவுல பாதிப்பேர் அதை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சிட்டாங்க. சொன்ன வைத்தியம் நல்ல வைத்தியம்தான், ஆனா அரைகுறையா வந்திருக்கேன்னுதான் எழுதுறேன்.

தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் வாடைக்காத்து கிளம்பிட்டா வடகடல் ஓரத்து வீடுகள்ல ராத்திரி முழுக்க இருமல் சத்தம்தான். கடுக்காய் நம்ம மண்ணுல விளையுறது இல்ல, இங்க பனையும் உடைமரமும்தான், அது மலைச்சரக்கு, ஆனாலும் பெரியவங்க இருக்குற வீட்ல ஒரு டப்பால கெடக்கும். எங்க அப்பத்தா பொடியெல்லாம் பண்ண மாட்டாங்க, முழுக்காயை அம்மியில வச்சு குழவியால ஒரு தட்டு, உள்ள இருக்க கொட்டைய எடுத்து தூர வீசிட்டு மேல் தோல்ல ஒரு துண்டை கன்னத்துல அடக்கிக்கன்னு குடுப்பாங்க, துவர்ப்பு ஊறி எச்சில் இறங்க இறங்க தொண்டை அரிப்பு அடங்கும். தான்றிக்காயும் இப்படித்தான், லேசா வறுத்து தோலை மட்டும் வாயில போட்டுக்கிறது.

"கடுக்காய்க்கு அகம் நஞ்சு, சுக்குக்கு புறம் நஞ்சு"ன்னு பழமொழியே இருக்கு, உங்க நாலு வரில அந்த கொட்டை எங்கங்க போச்சு? பாக்கெட் பொடில கொட்டையோட அரைச்சாங்களா எடுத்துட்டு அரைச்சாங்களான்னு யாருக்கு தெரியும், நாட்டு மருந்துக் கடைல முழுக்காயா வாங்கி நாமளே உடைச்சா அந்த பிரச்சனையே இல்ல. (பழைய வீடுகளுக்கு காரை அரைக்கும்போது கடுக்காய் ஊறுன தண்ணியும் கருப்பட்டியும் ஊத்துவாங்க, சுவத்துக்கு ஒத்துக்கிட்டது தொண்டைக்கு ஒத்துக்காதான்னு அப்பத்தா கேப்பாங்க.)

இப்ப இதுக்கு ஏன் இவ்ளோ கவலைன்னா, 2025 அக்டோபர்ல அந்த இருமல் சிரப் செய்தி வந்ததுல இருந்து பிள்ளை வச்சிருக்கவங்களுக்கு சிரப்னாலே பயம். மத்தியப் பிரதேசம் சிந்த்வாரால கிட்னி போயி 20 பிள்ளைங்களுக்கு மேல செத்துச்சுங்க, நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரான மருந்து, டெஸ்ட் பண்ணா டைஎத்திலீன் கிளைக்கால்ங்கிற விஷ ரசாயனம் 48.6 சதவீதம். 2 வயசுக்கு கீழ இருமல் மருந்தே குடுக்காதீங்க, 5 வயசுக்கு கீழயும் பொதுவா வேணாம்னு மத்திய அரசே சொல்லிருச்சு. சரி சிரப் வேணாம்னு கடுக்காய் பக்கம் வர்றாங்க, வந்தவங்க கைல நீங்க குடுக்குறது நாலு வரி. ஒரு வயசு ஆகாத பிள்ளைக்கு தேன் நாக்குல தடவக்கூட கூடாதுன்னு அதுல இல்ல, சின்னப் பிள்ளை வாயில துண்டு போட்டா தொண்டைல அடைச்சுக்கும்னு இல்ல, கர்ப்பமா இருக்கவங்களுக்கு கடுக்காய் ஆகாதுன்னும் இல்ல. வயிறு இளகும், அதை விடுங்க, அது நம்மாளுங்களுக்கே தெரியும்.

இன்னொன்னு, இதான் எனக்கு ரொம்ப உறுத்துது. நம்ம பக்கம் ஆம்பளைங்க இருமலோடயே கடலுக்கு போவாங்க, கேட்டா உப்புக்காத்து, பனி, பீடின்னு ஏதாச்சும் சொல்லிட்டு கன்னத்துல கடுக்காய அடக்கிட்டு போயிருவாங்க, இருமல் கொஞ்சம் அமுங்குறதால ஆஸ்பத்திரி பக்கமே எட்டிப் பாக்குறதில்ல. ரெண்டு வாரம் தாண்டுன இருமல்னா சளி டெஸ்ட் எடுக்கணும், ஆரம்ப சுகாதார நிலையத்துல காசு வாங்க மாட்டாங்க, டிபின்னு வந்தா மாத்திரையும் இலவசம், சத்தான சாப்பாட்டுக்கு மாசம் 1000 ரூபாய் பேங்க் கணக்குல போடுறாங்க, 2024 நவம்பருக்கு முன்னாடி அது 500 தான். இத்தனை இருந்தும் கரையில பல பேருக்கு தெரியாது.

அதனால அடுத்த வாரம் ஒரு சித்த மருத்துவர்கிட்ட கேட்டு கடுக்காய முழுசா எழுதுங்க, கீழயே அந்த ரெண்டு வாரக் கணக்கையும் கட்டம் கட்டி கொட்டை எழுத்துல போடுங்க, இடம் பத்தலைன்னா ராசிபலன்ல ரெண்டு ராசிய குறைச்சுக்கோங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தங்கச்சிமடம்