கோப்பையைக் கொடுக்கும் முன் கோப்பைக் கேளுங்கள்

மலையில் பறவைப் படப் போட்டி நடத்தும் நண்பர்களுக்கும், நடுவராக உட்காரும் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

கோத்தகிரி கடைவீதியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். இருபது வருடமாகக் கல்யாண ஆல்பம்தான் சோறு போடுகிறது. மணப்பெண் முகத்துப் பருவைத் துடைப்பது, மாப்பிள்ளையின் தொப்பையைக் கரைப்பது, கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கே வராத பெரியப்பாவை குரூப் போட்டோவில் ஒட்டுவது என்று பகல் முழுக்க இதே வேலை. "பொண்ண கொஞ்சம் கலரா ஆக்கிடுங்கண்ணே" என்று கேட்காத வீடு அபூர்வம். ஆக, ஒரு படத்தை எப்படியெல்லாம் பொய் பேச வைக்கலாம் என்பது எனக்குக் கைவந்த தொழில். கல்யாணம் இல்லாத நாளில் விடியற்காலையே லாங்வுட் சோலைக்குப் போய்ப் பறவை எடுப்பது என் சொந்தப் பைத்தியம். இந்த இரண்டு தகுதியோடும்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு போட்டிக்குப் படம் அனுப்பியிருந்தேன். எந்தப் போட்டி என்பது இங்கே வேண்டாம். விண்ணப்பத்தில் ஒரு வரி: 'எடிட் செய்த படங்கள் ஏற்கப்படாது.' அதற்குக் கீழேயே, ஏதாவது மாற்றம் செய்திருந்தால் எழுதுங்கள் என்று ஒரு கட்டம். நானும் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: வெளிச்சம் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, ஏற்றினேன், ஓரத்தை க்ராப் செய்தேன், நாய்ஸ் என்கிற புள்ளிப் புள்ளியான இரைச்சலைக் குறைத்தேன். படம் அடுத்த வாரமே திரும்பி வந்துவிட்டது. உண்மையைச் சொன்னவனைத்தான் அந்தக் கட்டம் பிடித்தது.

தேர்வான படங்களைக் காட்சிக்கு வைத்தபோது போய்ப் பார்த்தேன். நம் சோலையில் இருக்கிற அந்தக் கறுப்பும் ஆரஞ்சுமான ஈப்பிடிப்பான் ஒன்று சட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தது. ஆரஞ்சு என்றால் சாதாரண ஆரஞ்சு இல்லை, கல்யாண வீட்டுக் கேசரி மாதிரி. நெஞ்சில் ஒரு இறகுக்கும் அடுத்த இறகுக்கும் வித்தியாசமே தெரியவில்லை, எல்லாம் ஒரே பூச்சாக இருந்தது. எடுத்த பையன் பக்கத்திலேயே நின்றான். "நான் ஒண்ணுமே பண்ணலண்ணே, கேமராவுல வந்தத அப்படியே குடுத்தேன்" என்றான். அவன் சொன்னது சத்தியம். கேமராவை வாங்கிப் பார்த்தேன்: நிறத்தைத் தூக்கலாகக் காட்டும் 'விவிட்' மோடில் கிடந்தது. அவன் எடிட் செய்யவில்லை, அவன் கேமரா செய்திருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெரும்பாலான கேமராக்களின் சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, மீதியைச் சிவப்பும் நீலமும் பங்கு போட்டுக்கொள்ளும். விடுபட்ட இரண்டு நிறங்களையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்குப் போட்டுத்தான் நிரப்ப வேண்டும். அப்புறம் ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிக்கட்டுவது), கான்ட்ராஸ்ட், கூர்மை, நாய்ஸ் குறைப்பு. இத்தனையையும் கேமராவே கண் இமைக்கும் நேரத்தில் தன் இஷ்டத்துக்கு முடித்து, மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கொடுப்பதுதான் ஜேபெக். கணக்குப் போடுவதற்கு முன்னால் இருந்த சரக்கு ராவ் ஃபைல். 14 பிட் ராவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள். ஜேபெக்கில் 256. ராவ் மாவு, ஜேபெக் சுட்ட தோசை. மாவை நாமே ஊற்றினால் எடிட்டிங், மெஷின் ஊற்றினால் அசல் என்று நீங்கள் விதி எழுதியிருக்கிறீர்கள்.

சோலைக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன். காலை ஏழரை மணி, ஓடைப் பக்கம் பாசி பிடித்த ஒரு கட்டை, அதன் கீழே நீலகிரி சோலைக்கிளி. கிளி என்று பேர்தானே தவிர அது கிளி இல்லை. அடர்நீல முதுகோடு, தரையை ஒட்டியே நடமாடும் சின்னப் பறவை. ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் 1/125, அப்படியும் படம் இருட்டு. இலைக்கூரை வழியாக வடிந்து வரும் வெளிச்சம் முழுக்கப் பச்சை. அந்தப் பச்சையை அடக்குகிறேன் என்று கேமராவின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் எதிர்ப்பக்கம் இழுக்கும், தரையில் கிடக்கும் சருகெல்லாம் செங்கல் நிறமாகிவிடும். இதை அப்படியே விட்டால்தான் பொய். நான் பார்த்த சருகு அந்த நிறமில்லை.

அதைச் சரிசெய்யப் போய்த்தான் நான் ஒரு தப்புப் பண்ணினேன். இரவு பதினொன்றரை மணி, ஆல்பம் ஒன்று மறுநாள் காலை கொடுக்க வேண்டியது, தூக்கக் கலக்கம். சருகின் செங்கல் நிறம் உறுத்தியது. ஆரஞ்சின் அடர்த்தியைக் கூட்டிக் குறைக்கும் சாச்சுரேஷன் ஸ்லைடரைப் பிடித்துப் படம் முழுக்கக் கீழே இறக்கினேன். சருகு அடங்கியது. வயிற்றை இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கினேன், இருபது வருடத்துக் கைப்பழக்கம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வாட்ஸப்பில் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் கொடைக்கானல் நண்பர் ஒருவரிடமிருந்து செய்தி: "அண்ணே, எங்க ஊருக்கு வந்துட்டு ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டீங்களே!"

முதலில் புரியவில்லை. படத்தைத் திறந்து பார்த்ததும் குப்பென்று வியர்த்துவிட்டது. நம் நீலகிரிப் பறவைக்கு விலாவில் செம்பழுப்பு உண்டு. கொடைக்கானல் உள்ள பழனி மலைத்தொடரில் இருக்கும் சோலைக்கிளிக்கு விலாவும் சாம்பல் நீலம், வயிறு நல்ல வெள்ளை. ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே இனத்தின் இரு வகையாக வைத்திருந்தார்கள். இப்போது தனித்தனி இனம். நடுவில் கிடக்கிற பாலக்காட்டுக் கணவாய்தான் இரண்டையும் வெகுகாலம் பிரித்து வைத்த பள்ளம். 2017இல் இவற்றுக்கென்று புதிதாக ஒரு பேரினம் வகுத்தபோது, சோலை என்ற நம் சொல்லை எடுத்தே 'ஷோலிகோலா' என்று பேர் வைத்தார்கள். அப்படிப்பட்ட பறவையின் விலாவை நான் ஒரு ஸ்லைடரில் துடைத்துவிட்டேன். சருகோடு சேர்ந்து செம்பழுப்பும் போய்விட்டது. லட்சக்கணக்கான வருடம் தாண்டாத கணவாயை அந்தப் பறவை என் கடையில் ராத்திரி பதினொன்றரை மணிக்குத் தாண்டியிருந்தது.

ராவ் ஃபைல் இருந்ததால் தப்பித்தேன். மறுபடி முதலிலிருந்து செய்தேன். இந்த முறை பறவையை மட்டும் தனியாக மறைத்துவைக்கும் மாஸ்க் போட்டு அதன் நிறத்தில் கையே வைக்கவில்லை, சருகை மட்டும் அடக்கினேன். இப்போதெல்லாம் பையில் ஒரு கிரே கார்டு, அதாவது எந்த நிறச் சாயலும் இல்லாத சாம்பல் அட்டை, இருக்கிறது. பறவை போன பிறகு அதே வெளிச்சத்தில், அதே கட்டையின் மேல் கார்டை வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்வேன். வீட்டில் அந்தச் சாம்பலைத் தொட்டு ஒயிட் பேலன்ஸ் வைத்தால் பச்சையும் ஓடிவிடும், செங்கல்லும் ஓடிவிடும். உங்கள் பயிற்சி முகாம்களில் லென்ஸ் பற்றி இரண்டு மணி நேரம் பேசுகிறீர்கள், இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

எடிட்டிங் பறவையை மறைப்பது மாதிரியே காட்டிக்கொடுக்கவும் செய்யும். நீலகிரி ஈப்பிடிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். பனிக்காலத்தில் வெர்டிட்டர் ஈப்பிடிப்பானும் இங்கே வந்துவிடும். நம்மூர்க்காரன் கருநீலம், வந்தவன் பச்சை கலந்த நீலம். இறகில் நீலச் சாயம் என்று எதுவும் கிடையாது, இறகின் நுண்ணிய அமைப்பு வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் தெரிகிற நீலம் அது. அதனால் மேகம் மூடினால் ஒரு மாதிரி, வெயில் பட்டால் வேறு மாதிரி. நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறலாம். ஆனால் நீலகிரி ஈப்பிடிப்பானின் வாலடியில் சின்ன வெள்ளைத் திட்டு உண்டு, வெர்டிட்டருக்கு இல்லை. என் படம் ஒன்றில் வால் முழுக்க நிழலுக்குள் இருந்தது. ஷேடோஸை, அதாவது நிழல் பகுதியின் வெளிச்சத்தை, மெல்ல ஏற்றினேன், அந்த வெள்ளை எட்டிப் பார்த்தது. அது சென்சாரில் பதிந்திருந்த வெள்ளைதான், நான் தீட்டியதில்லை. உங்கள் விதிப்படி இந்தப் படமும் தள்ளுபடி.

அப்படியானால் எதைத் தடுப்பது? சென்சாரில் பதியாததைப் படத்தில் கொண்டுவருவதைத் தடுங்கள். சென்சார் தூசியைத் துடைக்கலாம். வாலுக்குக் குறுக்கே நின்ற காய்ந்த குச்சியைத் துடைக்கக் கூடாது, ஏனென்றால் குச்சிக்குப் பின்னால் இருந்த இறகு யாரிடமும் இல்லை. மென்பொருள் அங்கே ஒரு இறகைக் கற்பனை செய்துதான் வைக்கும். ஏஐ நாய்ஸ் குறைப்பிலும் ஒரு கண் வையுங்கள். அளவோடு போட்டால் நல்ல வேலைக்காரன். மிதமிஞ்சினால் மங்கிக் கிடந்த இடத்தில் சீப்பு வாரியது போல இறகு வரிகளை முளைக்க வைக்கும். எட்ட நின்று பார்த்தால் அழகு. நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் கழுத்தில் உள்ள வரியும் பின்னால் உள்ள பாசியும் ஒரே தினுசாக ஓடும்.

இதையெல்லாம் வெறும் படத்தைப் பார்த்து நடுவர் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் கேட்கிறேன்: விண்ணப்பத்தில் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, கடைசிச் சுற்றுக்கு வந்தவர்களிடம் ராவ் ஃபைலை வாங்குங்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்துகிற போட்டியிலேயே இறுதிச் சுற்றில் அதைக் கேட்கிறார்கள். நடுவர் குழுவில் ஒருவராவது பறவை தெரிந்தவராக இருக்கட்டும். கேமரா தெரிந்த நான்கு பேர் சேர்ந்தாலும் விலாவின் செம்பழுப்பு காணாமல் போனது தெரியாது. எனக்கே தெரியவில்லையே.

ராவ் கேட்டால் போனில் எடுக்கிற பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எஸ்டேட் லைன் வீட்டுப் பையன் ஒருவன் இரவல் பைனாகுலரின் கண்ணாடியில் போனை ஒட்டிவைத்து எடுத்த படங்களை என்னிடம் பிரிண்ட் போட வருவான். சில படம் என் லென்ஸுக்குச் சவால் விடும். அவனைப் போன்றவர்களுக்குத் தனிப் பிரிவு வையுங்கள். போனில் பதிந்த மூல ஃபைலை, வாட்ஸப்பில் நசுங்காமல், அப்படியே கேட்டால் போதும். மென்பொருளுக்குக் காசில்லை என்பவர்களுக்கு டார்க்டேபிளும் ராதெரபியும் இலவசமாகவே கிடைக்கின்றன. பழக ஒரு மாதம் ஆகும், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் ராவ் ஃபைலும் காட்டாது. போனில் அதன் குரலை ஓடவிட்டுப் பறவையை வெளியே இழுத்தார்களா, புழு வைத்து ஒரே கல்லுக்கு வரப் பழக்கினார்களா, கூட்டை மறைத்த இலையை ஒதுக்கினார்களா என்பது எந்த ஃபைலிலும் பதியாது. நான் சொன்ன அதே லண்டன் போட்டியில் 2009இல் வென்ற ஓநாய்ப் படத்தின் பரிசைத் திரும்ப வாங்கினார்கள். அது காட்டு ஓநாய் இல்லை, பழக்கப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்பது நடுவர்களின் முடிவு. அங்கே சண்டை எடிட்டிங் பற்றியே இல்லை. கட்டம் போடுவதானால் விண்ணப்பத்தில் இதற்கு ஒரு கட்டம் போடுங்கள். பொய் எழுதுகிறவன் எழுதட்டும், அவன் கையெழுத்தாவது உங்களிடம் இருக்கும்.

கணவாய் தாண்டிய அந்தச் சோலைக்கிளியை நான் அழிக்கவில்லை. கெட்டுப்போனது, சரிசெய்தது, ராவ் மூன்றும் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அடுத்த போட்டிக்கு விதி எழுத உட்காரும் முன் ஒரு நாள் மாலை வாருங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். முகூர்த்த நாளாகப் பார்த்து மட்டும் வந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரி கடைவீதி ஸ்டுடியோக்காரன்