கதிருக்கு, உன் இருபது அணிப் பட்டியல் பற்றி

அன்புள்ள கதிருக்கு,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலாம், காலையில் மறுபடி நடக்கப் போகிறார். வலை கட்டிய ஸ்டிக்கால் பந்தை எறிந்து கோல் போடும் நம் லக்ராஸில், கல்லூரி அணிகளை வரிசைப்படுத்தி நீ அனுப்பிய தரவரிசைப் பட்டியலையும், கீழே எழுதியிருந்த விளக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். போனில் இதைப் பேச ஆரம்பித்தால் நாம் இருவருமே மற்றவரை முடிக்க விடுவதில்லை. அதனால் எழுதுகிறேன். மாணவர் பத்திரிகைக்குக் கொடுக்கும் முன் பொறுமையாகப் படித்துவிடு.

சீசன் முடியும் நேரத்தில் கடைசி ஆறு ஆட்டங்களுக்கு இரட்டை மதிப்பு கொடுக்க வேண்டும் என்பது உன் கட்சி. இப்போது யார் நன்றாக ஆடுகிறார்களோ அவர்கள்தான் மேலே இருக்க வேண்டும், பிப்ரவரியில் குளிரில் தோற்றதை மே மாதத்தில் ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று கேட்கிறாய். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்லூரி லக்ராஸில் இது சரிவராது என்று உறுதியாக நினைக்கிறேன். அட்டவணையை எடுத்து வைத்துப் பார்த்தால் உனக்கே தெரியும்.

கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் ஒன் ஆண்கள் லக்ராஸில் 70க்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சாம்பியனைத் தீர்மானிக்கும் தேசியப் போட்டித் தொடருக்கு முன் ஆடுவது 13, 14 ஆட்டங்கள்தான். கூடைப்பந்தில் இதைப்போல இரண்டு மடங்கு ஆட்டங்கள் உண்டு. இந்தக் கொஞ்ச ஆட்டங்களிலும் வேறு வேறு கான்ஃபரன்ஸ் (பல கல்லூரிகள் சேர்ந்த குழு) அணிகள் ஒன்றோடொன்று மோதுவது பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில். ஏப்ரல் வந்துவிட்டால் அவரவர் கான்ஃபரன்ஸுக்குள் ஆட ஆரம்பித்துவிடுகிறார்கள். அங்கே ஒருவர் வென்றால் இன்னொருவர் தோற்றாக வேண்டும். யேல் பிரின்ஸ்டனை வென்றாலும் சரி, பிரின்ஸ்டன் யேலை வென்றாலும் சரி, இரண்டும் இருக்கும் கான்ஃபரன்ஸான ஐவி லீகுக்கு மொத்தமாகக் கிடைப்பது ஒரு வெற்றி, ஒரு தோல்வி. அதை வைத்து ஐவி பலமா, பிக் டென் பலமா, ஏ.சி.சி. பலமா என்று சொல்ல முடியாது. அதைச் சொல்வது பிப்ரவரி, மார்ச் ஆட்டங்கள் மட்டும்தான். நீ அவற்றின் மதிப்பைப் பாதியாக்கச் சொல்கிறாய். ஒன்றையொன்று ஒப்பிட உதவுகிற ஒரே சாட்சியைப் பலவீனப்படுத்திவிட்டு, ஒப்பிட உதவாததை இரட்டிப்பாக்குகிறாய். என் வகுப்பில் ஒரு மாணவன் இப்படிச் செய்தாலும் இதையேதான் சொல்வேன்.

இரண்டு பள்ளிக்கூடங்களில் தனித்தனிக் கேள்வித்தாளில் முதல் மார்க் வாங்கிய இருவரை வைத்துக்கொள். இருவரும் சேர்ந்து எழுதிய பொதுத்தேர்வு ஒன்றே ஒன்று, அதுவும் வருஷத் தொடக்கத்தில் நடந்தது. யார் கெட்டிக்காரர் என்று கேட்டால் எந்தத் தாளைத் தேடுவாய்?

2021ஐ நினைத்துப் பார். கோவிட் காரணமாக அந்த வருஷம் பிக் டென் அணிகள் தங்களுக்குள் மட்டுமே ஆடின. அவற்றில் மேரிலாந்து ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் தேசியப் போட்டிக்கு வந்தது. ஆனாலும் தொடருக்கு அணிகளை எடுக்கும் தேர்வுக் குழு கொடுத்தது மூன்றாவது சீட், அதாவது தொடரின் வரிசையில் மூன்றாம் இடம். வட கரோலினாவும் டியூக்கும் மேலே இருந்தன. நம் தெருவில் அன்றைக்கு எல்லாருக்கும் கோபம். எனக்கு வருத்தம் இருந்தது, ஆனால் குழுவின் சங்கடம் புரிந்தது. வெற்றிகளையும் எதிராளிகளின் பலத்தையும் சேர்த்து அணிக்கு ஒரு எண் கொடுக்கும் ஆர்.பி.ஐ. கணக்கை நீயே போட்டுப் பார். அணியின் சொந்த வெற்றி விகிதத்துக்குக் கால் பங்கு, எதிராளிகளின் வெற்றி விகிதத்துக்குப் பாதி, அந்த எதிராளிகளின் எதிராளிகளுக்கு மிச்சக் கால் பங்கு. எதிராளியின் விகிதத்தைப் போடும்போது உன்னோடு ஆடிய ஆட்டத்தைக் கழித்துவிட வேண்டும். பிக் டென்னில் ஆறு அணிகள். ஒவ்வொன்றும் மற்ற ஐந்தோடு இரண்டு முறை மோதுவதாகத் திட்டம். எல்லா ஆட்டங்களும் நடந்ததாகவே வைத்துக்கொள். மேரிலாந்தின் ஆட்டங்களைக் கழித்தால் மற்ற ஐந்து அணிகளும் தங்களுக்குள் ஆடியதுதான் மிஞ்சும். அங்கே வெற்றியும் தோல்வியும் சமம். ஆக, கணக்கில் பாதி எடை உள்ள எண் மிகச்சரியாக 0.500. அந்த ஐந்தும் நாட்டின் தலைசிறந்த அணிகளாக இருந்தாலும் 0.500, கத்துக்குட்டிகளாக இருந்தாலும் 0.500. எண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். அரையிறுதியில் மேரிலாந்து டியூக்கை 14-5 என்று அடித்தது. இறுதியில் வர்ஜீனியாவிடம் 17-16 என்று ஒரே ஒரு கோலில் தோற்றது. அந்த சீசன் முழுக்க அதுதான் ஒரே தோல்வி. குழு தவறு செய்ததாகச் சொல்ல நான் இதை எடுக்கவில்லை. கான்ஃபரன்ஸ் தாண்டிய குறுக்கு ஆட்டங்கள் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல மனசோடு உட்கார்ந்தாலும் தரவரிசை குருடாகிவிடும் என்பதற்காகச் சொல்கிறேன். 2021இல் முழு சீசனுக்கும் நேர்ந்ததுதான் ஒவ்வொரு வருஷமும் ஏப்ரலில் கொஞ்சம் நடக்கிறது.

சரி, உன் நோட்ர டாமுக்கு வருகிறேன். 2022இல் நடந்ததை நீ இன்னும் மறக்கவில்லை. நான் மேரிலாந்துக்காரி என்பதால் அந்த வலி தெரியாது என்று நினைக்காதே. முதல் ஆறு ஆட்டங்களில் நான்கு தோல்வி, பிறகு வரிசையாக ஆறு வெற்றி, மொத்தம் 8-4. கடைசியில் தேசியத் தொடருக்கு அழைப்பே வரவில்லை. நோட்ர டாம் இருக்கும் ஏ.சி.சி.யிலிருந்து வர்ஜீனியா மட்டும் உள்ளே. டியூக்கும் வெளியே. அதே வருஷம் ஐவியில் ஏழில் ஆறு அணிகள் உள்ளே போயின. கடைசி ஆறு ஆட்டங்களுக்கு இரட்டை மதிப்பு இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று எழுதியிருக்கிறாய்.

உண்மைதான், நடந்திருக்காது. ஆனால் அதற்காக அந்த விதி சரியாகிவிடாது. நோட்ர டாமின் நான்கு தோல்விகளும் யாரிடம்? மேரிலாந்து, ஜார்ஜ்டவுன், ஒஹாயோ ஸ்டேட், வர்ஜீனியா. நான்கு பேருமே அந்த வருஷத் தொடருக்குள் போனவர்கள். மேரிலாந்து 18-0 என்று கோப்பையே வாங்கியது. இந்தத் தோல்விகளில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உன் வாதத்தை நான் எழுதினால் இங்கேதான் தொடங்குவேன். "நாங்கள் இப்போது நன்றாக ஆடுகிறோம்" என்று சொல்வதைவிட "எங்களைத் தோற்கடித்தவர்கள் யார் என்று பாருங்கள்" என்று சொல்வது பலமானது. குழுவுக்கு அங்கே குறையாகப் பட்டது, கான்ஃபரன்ஸுக்கு வெளியே காட்டிக்கொள்ள ஒரு பெரிய வெற்றி இல்லாதது. ஒஹாயோ ஸ்டேட்டோடு நேருக்கு நேர் மோதித் தோற்றதும் குறுக்கே நின்றது. அதைத் தாண்டியும் நோட்ர டாமுக்கு இடம் கொடுத்திருக்கலாம் என்பது என் கருத்து. காரணம் எதிராளிகளின் தரம்.

ஐவி ஆறு பேர் விஷயத்தில் நீ சொன்னதில் பாதி சரி. ஆர்.பி.ஐ.யில் ஒரு கான்ஃபரன்ஸ் வெளி ஆட்டங்களில் நிறைய வென்றுவிட்டால், அந்தப் புண்ணியம் உள்ளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஏப்ரலில் யாரிடம் தோற்றாலும் நல்ல எதிராளியிடம் தோற்றதாகவே கணக்கு. ஆனால் முதலில் வெளியே போய் வென்றவர்கள் அவர்கள்தானே. அதற்குப் பலன் கிடைக்கத்தான் வேண்டும். கார்னெல் இறுதிவரை போனதையும் பிரின்ஸ்டன் அரையிறுதிக்கு வந்ததையும் இதற்கு ஆதாரமாகக் காட்ட மாட்டேன், ஏனென்றால் தொடரில் பின்னால் வந்த முடிவை ஆதாரமாக்காதே என்றுதான் அடுத்து உன்னிடம் கேட்கப் போகிறேன்.

வட கரோலினா 2016ஐ நீ ஆதாரமாகக் காட்டாதே. 8-6 என்று உள்ளே நுழைந்த அணி. எட்டு சீட்டுகளில் ஒன்றுகூட அதற்கு இல்லை. கடைசியில் முதல் சீட்டான மேரிலாந்தை ஃபிலடெல்ஃபியாவில் ஓவர்டைமில் 14-13 என்று வென்றது. சீட் இல்லாமல் கோப்பை வாங்கிய முதல் அணி. அருமையான கதை, யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதனால் ஏப்ரல் கடைசியில் அந்த அணியை முதல் ஐந்தில் வைத்திருக்க வேண்டும் என்று ஆகாது. ஆறு தோல்வி இருந்தது, இருந்ததுதான். தரவரிசை என்பது இதுவரை செய்ததற்குக் கொடுக்கிற இடம். இனி யார் வெல்வார்கள் என்பது வேறு கேள்வி. இரண்டையும் நீ ஒரே பட்டியலில் கலக்கிறாய். கட்டுரையில் இதைப் பிரித்து எழுதினாலே உன் வாதம் பாதி தெளிந்துவிடும்.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. தேசியப் போட்டி 1971இல்தான் வந்தது. அதற்கு முன் சாம்பியனை ஆட்களே உட்கார்ந்து தேர்ந்தெடுத்தார்கள். 1970இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், நேவி, வர்ஜீனியா மூன்றுக்கும் பட்டத்தைப் பங்குபோட்டுக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் மைதானத்தில் முடிவாயிற்று, கார்னெல் 12-6 என்று மேரிலாந்தை வென்றது. கோப்பைச் சண்டை தீர்ந்தது. யாரை உள்ளே விடுவது என்ற சண்டை தீரவில்லை.

ஆர்.பி.ஐ.யை நான் கண்மூடித்தனமாக ஆதரிக்கிறேன் என்று நினைக்காதே. அதில் எனக்கு ஒரு பெரிய வழக்கு இருக்கிறது. 9-2 என்று இருக்கும் ஒரு அணி, 1-9 என்று இருக்கும் அணியோடு ஆடி வென்றால் என்ன ஆகும்? சொந்த விகிதம் 0.818இலிருந்து 0.833 ஆகும். கால் பங்கு என்பதால் லாபம் 0.004 அளவு. எதிராளிகளின் சராசரி அதுவரை 0.600 என்றால், இந்த ஆட்டத்துக்குப் பிறகு 0.558க்கு இறங்கும். பாதிப் பங்கு என்பதால் நஷ்டம் 0.021. வென்றதற்குத் தண்டனை! பலவீனமான பக்கத்து ஊர்க் கல்லூரியோடு ஆட பெரிய அணிகள் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகிவிடும். புதிதாக லக்ராஸ் தொடங்கும் கல்லூரிகளுக்கு இது அநியாயம். இதைப் பற்றி ஒரு பத்தி எழுது, தயவுசெய்து.

இன்னொன்று, அந்தக் கணக்குக்கு 17-16ம் ஒன்றுதான், 18-3ம் ஒன்றுதான். லக்ராஸ் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு தப்பு என்று தெரியும். ஹாப்கின்ஸின் ஹோம்வுட் மைதானத்தில் நாம் கீழ் வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறோமே, பந்து யாருக்கு என்று தீர்மானிக்கும் ஃபேஸ்-ஆஃப் நினைவிருக்கிறதா? நடுக்கோட்டில் இருவர் குனிந்து, கையுறை புல்லில் பட, பந்துக்கு இரண்டு பக்கமும் ஸ்டிக்கை வைத்துக் காத்திருப்பார்கள். விசில் ஊதியதும் கண் சிமிட்டுவதற்குள் ஒருவன் ஸ்டிக்கைப் பந்தின் மேல் கவிழ்த்து அமுக்கி, பின்னால் இழுத்துவிடுவான். கோல் விழுந்ததும் மறுபடி நடுக்கோடு, மறுபடி ஃபேஸ்-ஆஃப். அந்த ஒருவனுக்கு அன்றைக்குக் கை ஓடிவிட்டால், எதிரணி பந்தைத் தொடாமலேயே நான்கு கோல் போய்விடும். இப்படிப்பட்ட ஆட்டத்தில் ஒரு கோலில் வென்றவனையும் தோற்றவனையும் மலையும் மடுவுமாகப் பார்க்கக் கூடாது. கோல் வித்தியாசத்துக்கு ஒரு எடை வேண்டும். ஆனால் ஆறு கோலுக்கு மேல் எண்ணக் கூடாது, இல்லாவிட்டால் தோற்றுக்கொண்டிருக்கும் பையன்களைக் கடைசி நிமிஷம்வரை போட்டு அடிப்பார்கள்.

வாராவாரம் திங்கட்கிழமை வரும் தரவரிசை வாக்கெடுப்புகளில் என்னை மிகவும் எரிச்சல்படுத்துவதும் இதுதான். மூன்றாம் இடத்து அணி இரண்டாம் இடத்து அணியின் ஊருக்குப் போய் ஒரு கோலில் தோற்றால், அடுத்த திங்கள் ஏழாம் இடம். வீட்டில் உட்கார்ந்து யாரோ பலவீனமானவர்களை வென்ற அணி மேலே ஏறிவிடுகிறது. அந்த ஆட்டத்துக்குப் பிறகு அந்த அணியைப் பற்றி என்ன புதிதாகத் தெரிந்தது? இரண்டாம் இடத்து அணிக்குக் கிட்டத்தட்டச் சமம் என்றுதானே. உன் பட்டியலிலும் ஒன்பதாம் இடத்தில் இதையே செய்திருக்கிறாய், திருப்பிப் பார்.

உன் பக்கம் நான் வரக்கூடிய ஒரு இடம் இருக்கிறது. அடிபட்டு வெளியே இருந்த கோல்கீப்பரோ ஃபேஸ்-ஆஃப் எடுப்பவனோ ஏப்ரலில் திரும்பி வந்தால், அந்த அணி பிப்ரவரியில் இருந்த அணி அல்ல. அங்கே சமீப ஆட்டங்களைக் கூடுதலாகப் பார்க்கலாம். ஆனால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும், பெயர் சொல்ல வேண்டும். எல்லா அணிக்கும் ஒரே மாதிரி இரட்டை மதிப்பு என்பதை நான் ஏற்கவில்லை. நீ கட்டுரையை இந்தச் சலுகையோடு எழுதினால் என்னைப் போன்றவர்களையும் இழுத்துவிடுவாய்.

பட்டியலை மறுபடி போடும்போது ஒவ்வொரு அணிக்கும் பக்கத்தில் கான்ஃபரன்ஸுக்கு வெளியே அது ஆடிய ஆட்டங்களை மட்டும் எழுதிக்கொள். எங்கே ஆடியது, எத்தனை கோல் வித்தியாசம் என்பதும் இருக்கட்டும். தேர்வுக் குழு அறிவிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அனுப்பினால் நானும் என் பட்டியலை அனுப்புகிறேன், சீட் எட்டையும் சேர்த்து. அப்பாவும் ஒன்று போடுகிறேன் என்கிறார், ஆனால் அவர் ஹாப்கின்ஸை எப்படியாவது உள்ளே கொண்டுவந்துவிடுவார்.

மே கடைசியில் வரும் மெமோரியல் டே விடுமுறை வாரக் கடைசியில் வீட்டுக்கு வர முடியுமா என்று சீக்கிரம் சொல். சனிக்கிழமை அரையிறுதி இரண்டையும் சேர்ந்து பார்க்கலாம். டிக்கெட் விலை ஏறுவதற்குள் போட்டுவிட வேண்டும்.

அன்புடன்,
அம்மா