தாத்தாவின் வீரனைப் பொத்தோங்கில் போட நினைக்கும் மருமகனுக்கு

மருமகனே,

நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று தடவை கேட்டேன். இரண்டு தடவை நீ சொன்னதைக் கேட்டேன். மூன்றாம் தடவை உனக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த தாத்தாவின் பழைய காடியின் இஞ்சினைக் கேட்டேன். ஏறுது, இறங்குது, மறுபடி ஏறுது, அப்புறம் பொசுக்கென்று அணைஞ்சிடுது.

"போமன் கம்ப்யூட்டர் போச்சுங்கிறாரு மாமா. ஆயிரத்து இருநூறு வெள்ளியாம். பேசாம பொத்தோங்கிலேயே போட்டுடலாமா?" என்று கேட்டிருக்கிறாய். பாட்டி காதில் விழக்கூடாதென்று குரலைத் தாழ்த்தியது நன்றாகவே தெரிகிறது.

பதிலைப் பொதுவில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. வெளியூர்க்காரர்களுக்காக: நமக்குக் காடி என்றால் கார், போமன் என்றால் மெக்கானிக், பொத்தோங் என்றால் பழைய காடிகளைக் கழற்றி சாமான் விற்கிற இடம், வெள்ளி என்றால் மலேசிய ரிங்கிட். தாத்தாவோ அப்பாவோ விட்டுப்போன காடியைப் போர்ட்டிக்கோவில் நிறுத்திக்கொண்டு முழிக்கிறவர்கள் நம் பேராக் சுங்கை சிப்புட்டில் உன்னைத் தவிர இன்னும் பல பேர் இருக்கிறார்கள்.

அந்த புரோட்டோன் வீரா 1996இல் வந்தது. தாத்தாவுக்கு அப்போது 55 வயது. லாசா ரோட்டுத் தோட்டத்தில் லாரி ஓட்டிச் சேர்த்த சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. தோட்டத்து வீட்டைக் காலி பண்ணவேண்டிய நேரமும் அதுதான். பட்டணத்தில் ஒரு மலிவு வீடு, மிச்சத்தில் முன்பணம் கட்டி இந்தக் காடி. மதுரை வீரன் கோயில் முன்னால் நிறுத்தி எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். அன்றைக்கிலிருந்து தாத்தா அதை வீரா என்று சொன்னதே இல்லை, 'வீரன்'தான். மலாயில் 'வீரா' என்றாலும் வீரன்தானே என்று வாதம் வேறு பண்ணுவார்.

இஞ்சினைக் கட்டுப்படுத்துகிற அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். இதே நோய் 2011லும் வந்தது. ஒரு பட்டறையில் இதே பதில்தான் சொன்னார்கள். நான் பெரிய ஆளாட்டம் ஈப்போ பக்கம் போய், பொத்தோங்கில் 250 வெள்ளிக்குப் பழைய பெட்டி ஒன்றை வாங்கி வந்து மாட்டினேன். ஒரு வாரம் நன்றாக ஓடியது, எட்டாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. தாத்தா வாசலில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டே பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் எழுந்து வந்து, பேட்டரியின் மைனஸிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகிற வயரைக் கையால் ஆட்டினார். முனை பச்சைப் பச்சையாகப் பூத்துப்போய், நட்டு கையாலேயே சுற்றியது. உப்புத்தாளில் தேய்த்து இறுக்கினோம். இஞ்சின் அமைதியாக நின்றது. அந்த 250 வெள்ளிப் பெட்டி இன்னும் பாட்டியின் தையல் மெஷினுக்குக் கீழே கிடக்கும், போய்ப் பார்.

அதனால் நீ முதலில் வாங்கவேண்டிய சாமான் வோல்ட் அளக்கிற ஒரு மல்டிமீட்டர். ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை இஞ்சின் இரும்பிலும் வை. தம்பியை விட்டு சாவியைத் திருப்பி ஸ்டார்ட் அடிக்கச் சொல். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த், அதாவது தாத்தா ஆட்டிய அந்த மைனஸ் வயர் இணைப்பு, சரியில்லை. அது சுத்தமாக இருந்தால் வேக்குவம் குழாய்களைப் பார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் சூட்டில் வெந்த ரப்பர் அப்பளம் மாதிரி உடையும். இஞ்சின் ஓடும்போது ஒவ்வொன்றாக விரலால் அழுத்து. எதை அழுத்தும்போது சத்தம் மாறுகிறதோ, அதில்தான் ஓட்டை. விரல் பெல்ட் பக்கமோ காத்தாடிப் பக்கமோ போகக்கூடாது. காத்தாடி சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும். அதற்கப்புறம் இஞ்சினுக்குக் காற்றை விடுகிற த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கரியைத் துடை. ஐட்லிங்கை, அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இஞ்சின் ஓடுகிற வேகத்தை, பார்த்துக்கொள்கிற சின்ன மோட்டாரும் அங்கேதான் இருக்கிறது. கரி பிடித்தால் சிக்கிக்கொள்ளும்.

போமனைப் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்து மிட்சுபிஷி கம்ப்யூட்டர் பெட்டிகளில் கப்பாசிட்டர் என்கிற சின்ன மின் உறுப்பு கசிவது பலருக்கும் தெரிந்த வியாதி. டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிற பெட்டியைக் கழற்றி, மூடியைத் திறந்து மோந்து பார். கருவாட்டு வாடை அடித்தால் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போதும் பெட்டியை மாற்றவேண்டியதில்லை. ரேடியோ, டிவி பழுது பார்க்கிறவர் யாராவது இருந்தால் கப்பாசிட்டரை மட்டும் மாற்றித் தருவார். இன்னொன்று, அந்த ஐட்லிங் மோட்டார் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் நீ வாங்கிப் போடுகிற புதுப் பெட்டியையும் சேர்த்துச் சுட்டுவிடும். காரணத்தைப் பார்க்காமல் சாமானை மாற்றினால் இப்படித்தான் இரண்டு தரம் அழவேண்டும்.

டிரைவர் பக்கக் கண்ணாடி கீழேயே நிற்பதும் கார்ப்பெட் நாறுவதும் இரண்டு தனித்தனிப் பிரச்சினை என்று நினைக்கிறாய். எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. யாரோ ஒரு தரம் கதவு பேனலைக் கழற்றியிருக்கிறார்கள். அதற்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் கறுப்புப் பசையில் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்துப்போட்டு விட்டு மூடியிருப்பார்கள். நம் ஊர் மழை கண்ணாடி ஓரமாக இறங்கி, கதவின் அடியில் இருக்கிற ஓட்டை வழியாக ரோட்டுக்குப் போகவேண்டும். தாள் இல்லையென்றால் உள்ளே கார்ப்பெட்டுக்கு வரும். அந்த ஓட்டைகளையும் ஒரு குச்சியால் குத்திப் பார். போன தடவை நான் குத்தியபோது கொட்டியது முக்கால்வாசி மண், மிச்சம் மக்கிப்போன செம்பனைப் பூ.

கண்ணாடி மோட்டார் செத்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, பேட்டரியிலிருந்து இரண்டு வயர் நேராக இழுத்துக் கொடு. ஓடினால் மோட்டார் நல்லது. வயரை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் ஓடும். கோளாறு பெரும்பாலும் கண்ணாடி ஓடுகிற ரப்பர் தடத்தில்தான். அது இறுகிப்போனால் மோட்டார் திணறி, கம்பியைப் பிடித்திருக்கிற பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடும். ரப்பரைத் துடைத்து சிலிக்கோன் ஸ்ப்ரே அடி. எண்ணெயோ கிரீஸோ தடவாதே, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பிளாஸ்டிக் உடைந்திருந்தால்தான் பொத்தோங்குக்குப் போகவேண்டும். அங்கே எப்படிப் போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் முதல் தடவை வலதுபக்கத்துக்குப் பதில் இடதுபக்கத்து ரெகுலேட்டரை (கண்ணாடியை ஏற்றி இறக்குகிற சாமான்) வாங்கிக்கொண்டு வெற்றியோடு வீடு வந்தவன்.

பசியாறிவிட்டு வெயில் ஏறுமுன் போ. பழைய சாமானைக் கழற்றிக் கையில் கொண்டுபோ. தவுக்கே (கடை முதலாளி) தலையைத் தூக்காமலே "தாஹுன் பெராப்பா, ஆனே?", எந்த வருஷத்துக் காடி என்று கேட்பார். வருஷத்தைச் சொல், ஆனால் அதை மட்டும் நம்பாதே. வீரா 1993லிருந்து 2009 வரை வந்த காடி, நடுவில் எத்தனையோ மாற்றியிருக்கிறார்கள். இஞ்சின் சாமான்களில் எம்டி (MD) என்று தொடங்குகிற நம்பர் இருக்கும். பழையதும் அங்கே கிடக்கிறதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் காசை எடு. பிளக்கில் எத்தனை ஊசி என்றும் எண்ணிப் பார்.

அங்கே இரண்டு வகைச் சாமான் கிடக்கும். ஒன்று, இங்கேயே செத்த வீராக்கள். கதவு, கைப்பிடி, கண்ணாடி, பக்கக் கண்ணாடி, சீட்டு எல்லாம் அதில் வாங்கு. இன்னொன்று ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து கண்டெய்னரில் வருகிற ஹாஃப்கட். வீராவே மிட்சுபிஷி லான்சரை வைத்துக் கட்டின காடிதானே, அதனால் லான்சர் இஞ்சினும் கியர்பாக்ஸும் நமக்கு உறவுமுறைதான். ஜப்பானில் புதுக் காடிக்கு மூன்று வருஷத்தில் ஒரு பரிசோதனை, அப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒன்று. அந்தச் செலவுக்குப் பயந்து ஓடுகிற காடியையே தள்ளிவிடுகிறார்கள். அப்படித்தான் அவர்கள் கழித்தது நமக்கு நல்ல சாமானாக வருகிறது. அதற்காக முழு இஞ்சின் மாற்றுகிற ஆசை வேண்டாம். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா), புஸ்பாகோம் (வாகனப் பரிசோதனை) என்று அலையவேண்டும், நம் நோய்க்கு அது தேவையும் இல்லை.

பிரேக் பேட், பிரேக் குழாய், டைமிங் பெல்ட், தண்ணீர் ஹோஸ், இவற்றைப் பொத்தோங்கில் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதே. டயரும் அப்படித்தான். பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம் செய்தது. டயர் பூ, அதாவது மேலே இருக்கிற வரிப்பள்ளம், எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ரப்பருக்கு வயசு வயசுதான். ரசீது தர மறுக்கிற ஆளிடமும் எதுவும் வாங்காதே. யார் வீட்டு வாசலிலிருந்து கழற்றியது என்று நமக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பேனலில் கை வைக்கிறாயா? முதலில் கண்ணாடியை மேலே தூக்கி, கதவு விளிம்போடு சேர்த்து நாலு பட்டை டேப் ஒட்டிவிடு, இல்லாவிட்டால் பாதி வேலையில் கீழே விழுந்து நொறுங்கும். திருகுகளை மைலோ டின் மூடியில் போட்டு, எது எந்த ஓட்டை என்று போனில் படம் எடுத்து வை. உடைகிற கிளிப்புகள் உடையட்டும், ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பிளாஸ்டிக் தாளுக்குப் பதில் பாட்டியின் மேசை விரிப்பு பிளாஸ்டிக்கை வெட்டி ஒட்டலாம், ஆனால் அவரைக் கேட்டுவிட்டு வெட்டு.

தாத்தாவின் ஸ்பேனர் பெட்டி கேஸ் தோம்புக்குப் (சிலிண்டருக்குப்) பின்னால் இருக்கிறது. அதில் எல்லா அளவும் இருக்கும், 10 நம்பர் மட்டும் இருக்காது. நீ தேடித் தேடிப் பாட்டியைத் திட்டாதே. அது இங்கே ஜொகூரில் என் பையில் இருக்கிறது. தீபாவளிக்கு வரும்போது கொண்டு வருகிறேன்.

உன் மாமா